நடையிலிருந்து பின்கட்டுக்கு

எங்கள் வீடு குறுகல், ஆனால் நீளம். தெருவிலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்தால் எண்பத்தைந்து அடி இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திண்ணை, நடை, கூடம், முற்றம், தாழ்வாரம், பின்கட்டு, கிணற்றடி என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுவர்கள் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரை. சித்திரை வெயிலில் வெளியே போய்விட்டு உள்ளே வந்தால் குளுகுளுவென்று இருக்கும். அந்தச் சுவர்களின் இன்னொரு குணம் வைஃபை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு டெலிபோன் வந்தது 1992-ல், அப்பா பெயரில். எழுதிப் போட்டுவிட்டு ஆறு வருடம் காத்திருந்தோம். தெருக் கம்பத்திலிருந்து வயர் இழுத்து, வாசல் நிலைக்கு மேலே ஓட்டை போட்டு, நடைச் சுவரில் ரோசட் பெட்டியை அடித்தார்கள். அதன் கீழே ஒரு மரப்பலகை, பலகை மேல் போன். தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் போன் என்பதால் நடையில் இருப்பதே எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பின்னால் 2008-ல் பிராட்பேண்ட் வாங்கியபோது, வந்தவர் மோடத்தையும் அதே பலகையில் வைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். வயர் எங்கே வருகிறதோ அங்கே மோடம். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் இருந்தோம்.

நான்கு வருடம் அது அங்கேதான் இருந்தது. அம்மா விழுந்த பிறகுதான் அதை இடம் மாற்ற வேண்டி வந்தது.

2012 பொங்கல் முடிந்த வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அப்போது எண்பத்தாறு வயது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்ததும் பின்கட்டு அறையில்தான் கட்டில் போட்டோம். அங்கேதான் படி ஏற வேண்டாம், குளியலறையும் பக்கம். அதற்கு முன்பு அவர் இருந்தது கூடத்தில். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டு.

அம்மாவுக்குக் காது மந்தம். திடீரென்று வந்ததல்ல, பத்துப் பதினைந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். "இதைப் போட்டா தெருவே காதுக்குள்ள வருது" என்று கழற்றி டப்பாவில் வைத்தவர்தான், திரும்ப எடுக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரியும், சரியாகப் பதில் சொல்வார். ஓரளவு கேட்கிறது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். காது டாக்டர்தான் ஒரு காகிதத்தால் தன் வாயை மறைத்துக்கொண்டு பேசிக் காட்டினார். அம்மாவிடமிருந்து பதில் இல்லை. காகிதத்தை எடுத்துவிட்டுப் பேசினார், பதில் வந்தது. "அம்மா உங்க பேச்சைக் கேட்கல சார், பார்க்கிறாங்க" என்றார்.

அதன் பிறகு கவனித்தேன். தமிழில் உதட்டைப் பார்த்துப் படிப்பது சின்ன வேலை இல்லை. 'படி' என்றாலும் 'மடி' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க, ங, ண எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், வெளியே தெரியாது. மீதியை முகத்தையும் சூழ்நிலையையும் வைத்துத்தான் இட்டு நிரப்ப வேண்டும். அம்மா அதை யாரிடமும் பாடம் கேட்காமல் தானே கற்றுக்கொண்டிருந்தார்.

இதனால் போன் அவருக்குப் பயன்படவில்லை. மெல்போர்னில் இருக்கும் தம்பி போன் செய்தால் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்து, "நல்லா இருக்கியாப்பா, உடம்பைப் பார்த்துக்கோ, குழந்தைங்க சௌக்கியமா" என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியாது. ஸ்கைப் வந்த பிறகுதான் பல வருடம் கழித்து அவனோடு பேசினார். புதன், ஞாயிறு மாலை நாலரை மணிக்கு அவன் கூப்பிடுவான், அங்கே இரவு ஒன்பது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அவர்கள் கடிகாரத்தை மாற்றி வைத்துக்கொள்வதால் இங்கே மூன்றரை. கூடத்து மேஜையில் கம்ப்யூட்டர் முன்னால் அம்மாவை உட்கார வைப்போம். அவன் மூஞ்சியைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்தால் போதும், ஒரு மணி நேரம் ஓடும்.

பின்கட்டுக்குப் போனதும் இது கெட்டது. நடையில் இருக்கும் மோடத்துக்கும் அம்மா கட்டிலுக்கும் நடுவே நான்கு கனத்த சுவர். மடிக்கணினியில் ஒரு கோடு தெரியும், பிறகு அதுவும் போய்விடும். தம்பி முகம் பாதி வார்த்தையில் அப்படியே நிற்கும். நமக்கு அது தொந்தரவுதான், ஆனாலும் குரல் வந்துகொண்டிருக்கும், சமாளித்துக்கொள்வோம். அம்மாவுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிட்டது. "என்னப்பா, வாய் நின்னு போச்சு" என்பார். திரும்பப் படம் ஓடும்போது அவன் வேறு விஷயத்துக்குப் போயிருப்பான். மூன்று நான்கு வாரம் பார்த்தார். பிறகு அவன் கூப்பிட்டால், "அவனுக்கு வேலை இருக்கும், வச்சிடச் சொல்லு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். எழுந்து நடமாட முடியாமல் கிடக்கிற மனுஷி அப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. 2012-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இல்லை. சில நாள் கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் போகும். அம்மாவுக்கு விசிறி வேண்டும், காற்று மெத்தையின் மோட்டார் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் பின்கட்டு அறைக்கு மட்டும் லைன் கொடுத்திருந்தோம். நடைக்கு அந்த லைன் கிடையாது. நாலரை மணிக்குத் தம்பி கூப்பிடும்போது இங்கே கரண்ட் இல்லையென்றால் அம்மா அறையில் விசிறி ஓடும், மடிக்கணினி எரியும், நடையில் மோடம் செத்துக் கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் டெலிபோன் லைன் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். போனுக்கு வேண்டிய 48 வோல்ட் நம் வீட்டுக் கரண்ட் அல்ல, எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து அதே இரண்டு செம்புக் கம்பியில் வருகிறது. தெருவே இருட்டில் இருந்தாலும் டயல் டோன் கேட்கும். ஆக, லைன் இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் இல்லை.

தம்பி மெல்போர்னிலிருந்து யோசனைகளாக அனுப்பினான். ரிப்பீட்டர் வாங்கி நடுவில் வை என்றான். அதற்கும் கரண்ட் வேண்டும், அதை வைக்க வேண்டிய தாழ்வாரத்தில் இன்வெர்ட்டர் லைன் இல்லை. நடைக்குச் சின்ன யூபிஎஸ் என்றான். மணிக்கு மணி போகிற கரண்டில் அது எத்தனை நாள் உழைக்கும்? நடையிலிருந்து லேன் கேபிள் இழு என்றான். லேன் கேபிள் நூறு மீட்டர் வரை போகும், சுவரும் பிரச்சினை இல்லை. ஆனால் கேபிளின் அந்த முனையில் மோடம் நடையில்தான் இருக்கும், கரண்ட் கதை அப்படியே நிற்கும். சுற்றிச் சுற்றி வந்தால் மோடமே பின்கட்டுக்குப் போக வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பின்கட்டில் ஏற்கெனவே ஒரு டெலிபோன் பாயிண்ட் இருந்தது! தம்பி 1996-ல் வெளிநாடு போனபோது அப்பா போட்ட பேரலல் லைன். அவன் கூப்பிடுவது நேரங்கெட்ட நேரமாக இருக்கும், ஆஸ்துமாவோடு பின்கட்டில் படுத்திருக்கும் அப்பா நடைக்கு எழுந்து வருவதற்குள் மணி நின்றுவிடும். அதனால் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரோசட்டிலிருந்து ஒரு வயர் எடுத்து, கூரை உத்திரத்தின் ஓரமாகவே அடித்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு மேலே ஒரு பாயிண்ட் வைத்துவிட்டார். அப்பா காலத்துக்குப் பிறகு அந்தப் போனை யாரும் அதிகம் தொடவில்லை. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் கணீரென்று கேட்டது.

டயல் டோன் கேட்டால் மோடமும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முப்பத்துநாலு வருடம் ப்ளஸ் டூ பையன்களுக்கு அலைகள் பாடம் நடத்தியவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் வகுப்பு எடுக்காமல் இருக்க முடியாது. பொறுமையில்லாதவர்கள் இரண்டு பாரா தள்ளிப் போகலாம்.

டெலிபோனில் நம் குரல் போவது 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையிலான சின்ன இடத்தில். அதற்கு மேலே அந்தச் செம்புக் கம்பி காலியாகக் கிடந்தது. ஏடிஎஸ்எல் என்கிற நம் பிராட்பேண்ட் அந்தக் காலி இடத்தில்தான் குடி வந்தது. 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஆரம்பித்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த இடத்தை இரண்டு திசைக்கும் சமமாகப் பிரிக்காமல், வீட்டுக்கு வருகிற வழியை அகலமாகவும் போகிற வழியைக் குறுகலாகவும் வைக்கலாம் என்று யோசித்தவர் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர். ஏடிஎஸ்எல் என்ற பெயரின் முதல் எழுத்தே அந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது. தம்பியின் முகம் அவன் வீட்டுக் குறுகல் வழியில் புறப்பட்டு எங்கள் வீட்டு அகல வழியில் வந்து இறங்கும். எங்களுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. படம் தெளிவாக ஓட அரை மெகாபிட் இருந்தால் போதும், எங்கள் லைன் இரண்டு மெகாபிட். எங்களுக்கு வேண்டியது அறுபடாமல் வருவது.

மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகும் அலைக்கு வயரின் குணம் முக்கியம். இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து கழிந்துவிடும். இதை 1881-லேயே கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கி வைத்துவிட்டார். முறுக்காத வயரை நீளமாக இழுத்தால் அது ஏரியல் மாதிரி வேலை செய்யும். மத்திய அலை வானொலி அலைவரிசைகள் எல்லாம் ஏடிஎஸ்எல் உலாவுகிற அதே இடத்தில்தான் இருக்கின்றன. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸும் அதற்குள்தான். குரலுக்கு இதெல்லாம் உறைக்காது, மோடத்துக்கு உறைக்கும்.

ஆகவே அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் உள்பக்கம் திறக்கும். அதில் லைன் நிலவரம் என்று ஒரு பக்கம். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று அட்டென்யுவேஷன், அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்பது. இரண்டாவது எஸ்என்ஆர் மார்ஜின், இரைச்சலுக்கு மேலே நமக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பது. மார்ஜின் பத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஆறுக்குப் பக்கத்தில் வந்தால் லைன் அடிக்கடி விழும்.

நடையில் மோடம் இருந்தபோது தேய்மானம் 40 டெசிபல், மார்ஜின் 19. மோடத்தைக் கழற்றிக்கொண்டு போய் அப்பாவின் பழைய பாயிண்டில் சொருகினேன். விளக்கு சிமிட்டிச் சிமிட்டி ஒரு வழியாக நின்றது. மார்ஜின் 7. கீழே பிழைக் கணக்கு டாக்ஸி மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. 12 டெசிபல் வித்தியாசம் என்றால் இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் பலம் பதினாறில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். ஒரே வீட்டுக்குள், எண்பதடி வயரில். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நடை வரை ஒழுங்காக வந்த சரக்கு, நடையிலிருந்து பின்கட்டுக்குப் போவதற்குள் கொட்டிப் போகிறது. இது நம் வீட்டு வயரின் வேலைதான், வெளியே யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் தெருக் கம்பத்தில் முப்பது வருடம் ஏறி இறங்கிய லைன்மேன் ஒருவர் ஓய்வு பெற்றுப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வயது எழுபதைத் தொட்டவர். விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலையில் சைக்கிளில் வந்தார், தோளில் பழைய டெஸ்ட் போன். நடையில் ரோசட்டைத் திறந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே கூடம், முற்றம், தாழ்வாரம் என்று வயரின் கூடவே நடந்தார். முற்றத்து ஓரத்தில் நின்று ஏணி கேட்டார். அங்கே ஒரு ஜாயிண்ட். இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பதினாறு மழைக்காலம் பார்த்த டேப், தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு கம்பி நூல் மாதிரி இளைத்துத் தொங்கியது. தாழ்வாரத்தில் இன்னொன்றும் கண்டுபிடித்தார். எப்போதோ யாரோ அடுப்படிக்கு ஒரு பாயிண்ட் எடுக்க நினைத்து நடுவிலிருந்து ஒரு கிளை பிரித்து, பத்தடி இழுத்து, அப்படியே வெட்டி விட்டிருக்கிறார்கள். பேச்சுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் மோடத்தின் அலை அந்த முட்டுச் சந்துக்குள்ளும் போகும், முனையில் முட்டித் திரும்பும், தாமதமாக வந்து அசல் அலையோடு மோதும். வகுப்பில் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி உதறிக் காட்டுவேனே, அதே சங்கதிதான்.

"சார், பேசறதுக்கு இது போதும். டேட்டாவுக்கு இது வயரே இல்ல, சல்லடை" என்றார் அவர்.

பழையதை ஒட்டுப் போடும் யோசனையை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புதிதாக முறுக்குக் கேபிள் இழுக்க வேண்டும், அதுவும் இரண்டு ஜோடி உள்ளது என்றார். இரண்டு ஜோடி எதற்கு என்றேன். அவர் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையில் மற்றவர்களுக்கு உபயோகப்படக்கூடிய விஷயம்.

பிராட்பேண்ட் கொடுக்கும்போது ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்ன வெள்ளை டப்பா கொடுப்பார்கள். மூன்று துளை. ஒன்றில் லைன், ஒன்றில் போன், ஒன்றில் மோடம். குரலைப் போன் பக்கமும் மேல் அலையை மோடம் பக்கமும் பிரித்து அனுப்பும். பலர் செய்வது என்னவென்றால் மோடத்தையும் ஸ்பிளிட்டரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எக்ஸ்டென்ஷனுக்குப் போவது. அப்போது நடையில் இருக்கும் போன் வடிகட்டி இல்லாமல் நேராக லைனில் உட்கார்ந்திருக்கும். அந்தப் போனில் இஸ்ஸென்று இரைச்சல் வரும். அதில் மணி அடித்தாலோ ரிசீவரை எடுத்தாலோ பின்கட்டில் இணையம் அறுந்துவிடும். 'போன் வந்தால் நெட் போய்விடுகிறது' என்று புலம்புகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் கதை இதுதான். அப்படிச் செய்வதானால் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஃபில்டர் வாங்கிப் போட்டாக வேண்டும்.

லைன்மேன் சொன்ன வழி வேறு. ஸ்பிளிட்டர் லைன் நுழைகிற இடத்திலேயே, நடையிலேயே இருக்கட்டும். அதன் மோடம் துளையிலிருந்து வருவதைக் கேபிளின் ஒரு ஜோடியில் பின்கட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஜோடியில் மோடத்தைத் தவிர வேறு எதுவும் தொங்கக் கூடாது. போன் துளையிலிருந்து வருவது நடைப் போனுக்கும், இன்னொரு ஜோடி வழியாகப் பின்கட்டுப் போனுக்கும். எத்தனை போன் போட்டாலும் ஒரே வடிகட்டி, மோடத்துக்குத் தனி ராஜபாட்டை. கேட்டபோது இவ்வளவுதானா என்று இருந்தது.

அன்று மத்தியானமே கேபிள், இரண்டு புதிய ரோசட், கிளிப் எல்லாம் வாங்கி வந்தேன். ஐநூற்றுச் சொச்சம் ஆயிற்று. கூரை உத்திரத்தில் குருவிக் கூட்டைக் கலைக்க வேண்டாம் என்று என் மனைவி கீழேயிருந்து சொல்ல, அந்த இடத்தில் மட்டும் வளைத்துக் கொண்டுபோனார். முற்றத்தில் மழை படுகிற பக்கத்தைத் தவிர்த்து உள்பக்கமாகச் சுற்றி வந்தார். பத்தடி அதிகம் ஆனாலும் நடுவில் ஒரு ஜாயிண்ட்கூட இல்லை. ரோசட்டில் வயரை முடுக்குவதற்கு முன்னால் நடைப் போனின் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நல்ல பழக்கம். லைனில் சாதாரணமாக இருக்கும் 48 வோல்ட் உலர்ந்த கைக்குத் தெரியாது. ஆனால் மணி அடிக்கும்போது வருவது 75 வோல்ட்டுக்கு மேலே, ஏணி மேல் நிற்கிறவரை நன்றாகவே உலுக்கிவிடும். ரிசீவர் எடுத்திருந்தால் கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ்டு டோன் போகும், இங்கே மணி அடிக்காது. ரோசட்டுக்கு வெளியே, கம்பத்துப் பக்கம் போகும் வயரில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. "அது நம்மது இல்ல சார்" என்றார், முப்பது வருடம் அதுவே அவர் வேலையாக இருந்தும்.

மோடத்தை எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் யோசித்தோம். பாயிண்டுக்குக் கீழே இரும்பு பீரோ. அதன் பின்னாலோ பக்கத்திலோ வைத்தால் பீரோவே வைஃபையைப் பாதி மறைத்துவிடும். அதனால் எதிர்ச் சுவர் அலமாரியில், மருந்து டப்பாக்களுக்கு மேல் தட்டில் வைத்தோம். இன்வெர்ட்டர் பாயிண்டும் அங்கேயே. யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் மோடத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் இடம் மாற்றியதற்காக எதையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. ஸ்விட்சைப் போட்டதும் டிஎஸ்எல் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அந்த ஒரு நிமிஷம் மோடமும் எக்ஸ்சேஞ்சும் சேர்ந்து வருகைப் பதிவு எடுக்கின்றன. அந்த அலைப்பரப்பை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கூப்பிட்டு, நீ எவ்வளவு சுமப்பாய் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும். இரைச்சல் அதிகமுள்ள துண்டுக்குக் குறைவான சுமை, அல்லது விடுப்பு. விளக்கு நின்றது. பக்கத்தைத் திறந்தேன். மார்ஜின் 18. நடையில் இருந்ததற்கு ஒன்றுதான் குறைவு. பிழைக் கணக்கு பத்து நிமிஷத்தில் இரண்டு.

லைன்மேன் காசு வாங்க மறுத்துவிட்டார். காபி குடித்துவிட்டு, கழற்றிய பழைய வயரைச் சுருட்டிக் கேரியரில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த பொங்கலுக்கு ஒரு வேட்டி கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நடையில் வைஃபை போய்விட்டது. அதில் நஷ்டம் எங்களுக்கில்லை, திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருந்த இரண்டு காலேஜ் பையன்களுக்கு. ஒரு வாரம் திண்ணையில் போனை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வரவில்லை. கூடத்தில் ஓரளவு கிடைத்தது, எனக்கு அது போதும்.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது, இந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஃபைபரில் இந்த விளையாட்டு நடக்காது என்பது உண்மை. கண்ணாடி இழையை நாமாக முறுக்கிக் கிளை எடுக்க முடியாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து பேட்டரி கரண்டும் வராது, கரண்ட் போனால் போனும் போகும். அங்கே பெட்டியை வந்த இடத்தில் வைத்துவிட்டு, தேவையான அறைக்கு லேன் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைப்பதுதான் வழி. ஆனால் செம்பு லைன் இன்னும் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன, அங்கேயும் பின்கட்டில் யாராவது படுத்திருக்கலாம்.

மாற்றிய பிறகு வந்த முதல் புதன்கிழமை. நாலு இருபதுக்கு வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அலமாரியில் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாலரைக்குத் தம்பி வந்தான். அம்மா சுவர்ப் பக்கம் படுத்திருந்தார். தோளைத் தொட்டுத் திருப்பி, தலையணையை உயர்த்தி, மடிக்கணினியை மடியில் வைத்தேன். எப்போது நிற்கப் போகிறது என்று எதிர்பார்ப்பதுபோல் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். நிற்கவில்லை. ஆபீஸ் கதை, பெரிய பெண்ணின் பரீட்சை, பக்கத்து வீட்டுக்காரர் நாய் எல்லாம் வந்தன. அம்மா நடுநடுவே கேள்வி கேட்டார், சிரித்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அவன் போன பிறகு என்னைப் பார்த்து, "இவனுக்குப் பல்லுல ஏதோ கோளாறுடா" என்றார்.

அவன் ஒன்றும் சொல்லலையே அம்மா என்றேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"சொல்லல. இடது பக்கம் வாயைத் திறக்காமப் பேசுறான். மென்னு முழுங்கிப் பேசற மாதிரி. போன் போட்டுக் கேளு."

அன்று இரவே கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு, பத்து நாளாகக் கடைவாய்ப் பல் வலி, இடது பக்கம், வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அம்மாவிடம் யார் சொன்னது என்று கேட்டான்.